பதினாறு வண்டி போதும்

அந்த ஊரில் டாக்சி பெர்மிட் மொத்தம் பதினாறு. அதைப் பதினேழாக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் டாக்சி உரிமையாளர் சங்கத்தின் தலையாய பணி. அந்தச் சங்கத்துக்கு எழுதப் படிக்க, ஆபீசர் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஓர் ஆள் வேண்டுமே, அவர்தான் செகரட்டரி. அவரும் ஒரு பெர்மிட், ஒரு கார் வைத்து ஓட்டுகிறவர்தான். ஆனால் டிரைவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் செகரட்டரி, பெட்ரோல் பங்க்கில் செகரட்டரி, பெண்டாட்டி வழிச் சொந்தத்தில் கல்யாணம் என்றால் அங்கேயும் செகரட்டரி. மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, அதே ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினான். அவனுக்கு ஸ்டாண்டில் வைத்த பேர் ஹாரன். அவன் ஹாரனே அடிக்க மாட்டான் என்பதால் வந்த பேர். நடுரோட்டில் மாடு படுத்திருந்தால், அதுவாக எழுந்து போகட்டும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கும். நாற்பது வயதைத் தாண்டியும் சொந்தமாகப் பெர்மிட் இல்லை. சங்கத் தலைவரின் காரைத்தான் தின வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். தலைவருக்கு நாலு பெர்மிட், நாலு கார். அதனால் அவர் பேரே நாலு காரு. அவர் கடைசியாக ஸ்டியரிங்கைத் தொட்டது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. ஸ்டாண்டுக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெர்மிட் என்ற காகிதம் கையில் இருந்தால் போதும், மற்றவர்கள் ஓட்டி ஓட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே வருமானம் வந்தால் யார்தான் நல்ல மனுஷனாக இருக்க மாட்டார்கள்?

அந்த வருஷம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு குண்டு வந்து விழுந்தது. ஊர் பெரிதாகிவிட்டது, புதிதாக ஐந்து பெர்மிட் கொடுக்க யோசனை, ஆட்சேபணை இருந்தால் விசாரணை நாளில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு. எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கொடுப்பார்களாம். அப்படியென்றால் முதல் பெர்மிட் ஹாரனுக்கு. ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது தெரியும். அதை எதிர்த்துப் பேச வேண்டியவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

செகரட்டரியின் மனைவி தையற்காரி. வீட்டு முன்னறைதான் அவள் கடை. அன்று சாயங்காலம் செகரட்டரி மேஜை மேல் காகிதத்தை விரித்து ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டிருந்தார். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பேப்பர்ல போட்டிருக்கான், பாத்தீங்களா? டாக்சி பெர்மிட்டுக்கு வரம்பு வெக்கறதே ஒரு கார்டெல் மாதிரிதானாம்."

"அப்படின்னா?"

"நம்ம பாஷையில கூட்டுக் களவாணித்தனம்."

செகரட்டரி பேனாவைக் கீழே வைத்தார். "யாரைப் பாத்து களவாணிங்கற? வரம்பு இல்லாத காலத்தை நீ பாத்திருக்கியா? ரயில் வந்து நின்னா ஒரு பயணிக்கு ஒம்பது பேர் பாய்வோம். பெட்டி ஒரு வண்டியில போகும், பொண்டாட்டி ஒரு வண்டியில போவா, குழந்தை மூணாவது வண்டியில அழுதுக்கிட்டுப் போகும். டயர் வழுக்கையாயிருக்கும், மாத்தக் காசு இருக்காது. இந்தப் புருவத் தழும்பு எப்படி வந்துது? சவாரிக்கு அடிச்சுக்கிட்டதுல வந்துது. சங்கம் வந்துதான் மனுஷங்களானோம்."

"அடிச்சுக்காம இருக்க வரிசை வெச்சீங்க, சரி. வரிசையில ஆளே சேராம கதவைச் சாத்தினீங்களே, அது எதுக்கு?"

"எல்லாருக்கும் சோறு கிடைக்க வேணாமா?"

"இந்தத் தெருவுல அஞ்சு தையல் கடை. ஆறாவதா ஒருத்தி கடை போட்டப்போ நான் போய் ஆபீசர்கிட்ட அழுதேனா? ரெண்டு மாசம் வயித்தெரிச்சல்பட்டேன். அப்புறம் ஒழுங்கா சொன்ன நாள்ல துணியைத் தெச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். அவ்வளவுதான்."

"தையல் மெஷினும் காரும் ஒண்ணா? காரு வாங்கின கடனுக்கு அந்தப் பெர்மிட்தான் ஈடு. ஊர்ல இன்னும் அஞ்சு வந்தா நம்ம காகிதத்துக்கு மதிப்பு என்ன?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "அந்தக் காகிதத்துக்கு மதிப்பு எங்கேருந்து வருது? என் தம்பிகிட்ட அது இல்லாததுலேருந்துதான் வருது."

செகரட்டரிக்குப் பதில் இருந்தது. எப்போதும் பத்துப் பதில் வைத்திருப்பவர்தான். ஆனால் அவள் குரலில் கோபம் இல்லாததால் எதையும் எடுத்து நீட்ட மனசு வரவில்லை. அவள் மறுபடி மெஷினை மிதித்தாள், அவர் மறுபடி எழுதினார். 'பயணிகள் இன்றி வாகனங்கள் நாள் முழுதும் காத்துக் கிடக்கின்றன' என்ற வரியை மூன்று தரம் அடித்து, மூன்று தரமும் அதையே எழுதினார்.

காத்துக் கிடப்பதைக் காட்ட சங்கத்திடம் ஒரு பழைய உத்தி இருந்தது. ஆபீசர் விசாரணைக்கு வரும் நாளில் பதினாறு வண்டியும் காலையிலிருந்தே ஸ்டாண்டில் வரிசையாக நின்றுவிட வேண்டும். கழுவித் துடைத்து, பளபளவென்று, காலியாக. ஒரு சக்கரம் உருளக்கூடாது. ஸ்டாண்டுத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். ஆபீசர் ஜீப்பில் வருவார், வரிசையைப் பார்ப்பார், இத்தனை வண்டி சும்மா நிற்கிறதே என்று ஆச்சரியப்படுவார், 'தேவையில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். முன்பு இரண்டு தரம் இப்படித்தான் நடந்தது. அந்த ஒரு நாள் ஊர் ஜனங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் நடக்கட்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பதினாறு வண்டியில் ஒன்று ஹாரன் ஓட்டுவது. அவனுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று காட்ட அவனே வந்து வரிசையில் நிற்க வேண்டும். அதைப் போய்ச் சொல்லும் பொறுப்பு, வேறு யாருக்கு, செகரட்டரிக்குத்தான். அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு மாட்டி, பிறகு மறுபடியும் கழற்றினார்.

"என்ன மாமா, உள்ள வர்றதுக்கு இவ்வளவு யோசனை?" என்றான் ஹாரன்.

அவர் சொல்லி முடித்தார். பாதியைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வர்றேன் மாமா."

"கோபமா மாப்ளே?"

"உங்க மேல எனக்கு என்ன கோபம்? கால் முறிஞ்சு மூணு மாசம் கிடந்தேனே, உங்க வண்டியை ஓட்டி முடிச்சு, என் வண்டியையும் ஓட்டி வாடகை கட்டினது யாரு? டீ போடச் சொல்லட்டுமா?"

திட்டியிருந்தால் செகரட்டரி நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். டீயைக் குடித்துவிட்டு வந்ததுதான் அவருக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது.

விசாரணை நாள் வந்தது. பதினாறு வண்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றன. ஹாரன் கடைசி. நாலு காரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தார். எல்லோர் கண்ணும் ஜீப் வரும் திசையிலேயே இருந்தது.

ஜீப் வரவில்லை. ரயில் நிலையப் பக்கமிருந்து ஓர் அம்மாள் நடந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் இழுத்து வந்த பெட்டிக்கு ஒரு சக்கரம் போயிருந்தது. கரகரவென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. முகமெல்லாம் வியர்வை. முதல் வண்டிக்காரரிடம் குனிந்தாள்.

"போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், கிடைக்கல. கச்சேரித் தெருவுக்குப் போகணும், வருமா?"

"வண்டி புக்காயிடுச்சும்மா."

இரண்டாவது வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. மூன்றாமவருக்கு வயிற்றுவலி. அடுத்தவர் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார், அதற்கடுத்தவர் அவரைப் பார்த்துத் தானும் மூடிக்கொண்டார். செகரட்டரி தன் முறை வந்தபோது, "சாயங்காலம் வரைக்கும் எந்த வண்டியும் வராதும்மா, பக்கம்தான், நடந்தே போயிடலாம்" என்று பெரிய மனுஷத் தோரணையில் வழி சொன்னார். இப்படியே நடந்து நடந்து, கடைசி வண்டிக்கு வந்துவிட்டாள்.

ஹாரனின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று. பெட்டியை வாங்கக் காலைக்கூடக் கீழே வைத்துவிட்டான். அப்படியே நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான். செகரட்டரி மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஹாரன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"வண்டி வராதுங்க" என்றான். அந்த அம்மாளுக்கு அது கேட்டதோ இல்லையோ, பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கரகரச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

விசாரணை அறைக்குள் நுழைந்ததும் செகரட்டரி முதலில் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேஜைக்குப் பின்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி அந்த அம்மாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புது ஆபீசர். ஜீப்பெல்லாம் பழைய ஆபீசரோடு போய்விட்டதாம். சங்கத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நாலு காரு, செகரட்டரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அவர் உடம்புக்கு அது ஆகிற காரியமா?

"ஆட்சேபணையைப் படிங்க" என்றார் ஆபீசர்.

செகரட்டரி படித்தார். 'பயணிகள் இன்றி வாகனங்கள் நாள் முழுதும்' என்ற இடம் வந்ததும் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தார்.

ஆபீசர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அறையின் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே பெர்மிட் கேட்டு மனுப் போட்ட ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசி வண்டி நீங்கதானே? எழுந்து நில்லுங்க. ஊர்ல வண்டி பத்தல, ஜனங்க கஷ்டப்படறாங்கன்னு நீங்கதான் மனுல எழுதியிருக்கீங்க. காலையில நான் கூப்பிட்டப்போ ஏன் வரல?"

உண்மையைச் சொன்னால் போதும். யாரோ தடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை. பெர்மிட் அவன் கைக்கு வந்துவிடும். ஆனால் கூப்பிட்ட சவாரியை மறுப்பது குற்றம். மறுக்கச் சொன்னவரின் பெர்மிட்டுக்கே ஆபத்து வரலாம். ஹாரன் மாமாவின் பக்கம் பார்க்கவேயில்லை.

"வண்டி ரிப்பேருங்க" என்றான்.

"பதினாறும் ரிப்பேரா?"

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. என் வண்டி ரிப்பேர். நான்தான் சரியாப் பாக்கல."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "ரிப்பேர் வண்டியைச் சவாரி ஸ்டாண்டுல கொண்டுவந்து நிறுத்தற ஆளுக்கு எதை நம்பிப் பெர்மிட் குடுக்கறது?"

ஹாரன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையில் இரண்டு நரை தெரிந்தது. பொண்ணு பார்க்கப் போன அன்று அக்காவின் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்த பயலுக்கு நரை. இவனுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான், அத்தனை பேர் நடுவில், செகரட்டரிக்கு உறைத்தது.

"அவன் பொய் சொல்றான் மேடம்" என்றார்.

அறை நிமிர்ந்தது.

"அந்த வண்டி நல்லா இருக்கு. பதினாறும் நல்லா இருக்கு. போனை எடுத்துக் கீழ வெச்சது நாங்க. அவன் உங்க பெட்டியை வாங்கக் காலைக் கீழ வெச்சான். வேணாம்னு தலையாட்டினது நான். அவன் என் பொண்டாட்டியோட தம்பி. எனக்காகத்தான் பொய் சொல்றான்."

நாலு காரு பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். செகரட்டரி உட்காரவில்லை.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. சங்கத்தை விடுங்க. நீங்க சொல்லுங்க. இந்த ஊருக்குப் பதினாறு வண்டி போதுமா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் இருபது வருஷத்துப் பதில் மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது. "எங்களுக்குப் போதும் மேடம். ஊருக்குப் போதுமான்னு நாங்க யாரும் இது வரைக்கும் கேட்டதில்ல."

அன்று மாலையே கொட்டகையில் சங்கக் கூட்டம் போட்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கை தூக்கியவர்களை எண்ண வேண்டியது செகரட்டரியின் வேலை என்பதால் அவரே எண்ணி, அவரே தீர்மானத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேறு யாருக்கும் எழுத வராது. சவாரி மறுத்ததற்கு எல்லோருக்கும் அபராதம் வந்தது. அதற்காக ஸ்டாண்டில் ஒரு மாசம் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவிக்கு விஷயம் முன்னாலேயே போய்விட்டிருந்தது. வாசலில் நின்றாள். அவர் அசடு வழிந்தார்.

"பதவி போச்சு."

"போகட்டும்."

"பெர்மிட் மதிப்பும் போயிடும்."

"அதுவும் போகட்டும்." அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நாலு காரு இழுத்ததில் தையல் விட்டிருந்தது. "கழட்டிக் குடுங்க, தெச்சுத் தர்றேன். கட்டிக்கிட்ட நாள்லேருந்து உங்களைப் பிடிக்கும். இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் பிடிக்குது."

புது பெர்மிட் ஐந்தும் வந்தன. முதல் பெர்மிட் ஹாரனுக்கு. கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்தான். அக்கா சீட்டுக்கெல்லாம் உறை தைத்துக் கொடுத்தாள். செகரட்டரி சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, க்ளட்ச் கொஞ்சம் டைட் என்று மட்டும் சொன்னார். சந்தோஷத்தை அவருக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

சந்தோஷம் உண்மைதான். ஆனால் கைக்கு வருவது குறைந்ததும் உண்மை. மதியம் இரண்டு சவாரி வந்த இடத்தில் ஒன்று வந்தது. வாரா வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வாத்தியாரம்மா, பல வருஷமாக அவர் வண்டியைத் தவிர வேறு எதிலும் ஏறாதவர், ஒரு நாள் ஹாரனின் வண்டியிலிருந்து இறங்கினார். "புது வண்டி, குலுங்கவே இல்ல" என்று அவரிடமே சொன்னார். செகரட்டரி சிரித்து வைத்தார். ஐந்து நிமிஷம் மச்சினனை மனசுக்குள் கண்டபடி திட்டினார். பிறகு வண்டியின் ஷாக் அப்சார்பரை மாற்றக் கொடுத்தார்.

வாத்தியாரம்மா வண்டி மாறியது ஹாரனுக்கும் தாங்கவில்லை. மறுநாளே வந்து நின்றான். "மாமா, நமக்குள்ள ஒண்ணு பேசி வெச்சுக்கலாம். ஆஸ்பத்திரி சவாரி எல்லாம் உங்களுக்கு. ரயில் சவாரி எனக்கு. ஒருத்தர் சவாரியை ஒருத்தர் தொட வேணாம்."

செகரட்டரிக்குச் சிரிப்பு பீறிட்டது. "சங்கம் ஆரம்பிச்ச அன்னைக்கும் இப்படித்தாண்டா பேசினோம். ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருந்த பாசத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. போ, போய் வண்டியை எடு."

இது நடந்து அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாரன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள். அவன் முகம் சரியாக இல்லை.

"மாமா, மறுபடியும் பெர்மிட் குடுக்கப் போறாங்களாம். மூணு."

"கேள்விப்பட்டேன்."

"விடக்கூடாது மாமா. இருக்கறதே இருபத்தொண்ணு. எங்க சவாரி இருக்கு? உங்களுக்குத்தான் எழுத வரும். ஒரு ஆட்சேபணை எழுதிக் குடுங்க, நான் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறேன்."

அக்காவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை.

"பயமா இருக்கா மாப்ளே?" என்றார் செகரட்டரி.

"கடன் பாதிகூட அடையல மாமா. ராத்திரி கண்ணை மூடினா அந்த மூணு வண்டிதான் வருது."

"எனக்கும் அப்படித்தான் வரும். உன் வண்டி வர்றதுக்கு முன்னாலேயே அது என் கனவுல வந்துது. கலர்கூட அதே கலர்."

ஹாரன் சிரிக்க முயன்று, முடியாமல், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரெல்லாம்டா கேட்டிருக்காங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு பேர் யாருன்னு தெரியல அக்கா."

"மூணாவது?"

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். "நான் விட்ட வண்டியை இப்போ வாடகைக்கு ஓட்டறானே, அவன். காலையில ஸ்டாண்டுக்கு வந்தா முதல்ல என் வண்டிக் கண்ணாடியைத் துடைச்சுட்டுத்தான் அவன் வண்டியைத் துடைப்பான். வேணாம்டான்னா கேக்க மாட்டான்." நிறுத்தினான். "முந்தாநாள் என்கிட்ட வந்து, மனு எப்படி எழுதணும்ணேன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"அப்புறம் சொல்றேன்னேன்."

அவள் தம்பிக்குக் கொஞ்சம் சோறு போட்டாள். அவன் ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. செகரட்டரி இடது கையை அவன் முதுகில் வைத்தார். அவன் அதை விழுங்கி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

"மாமா" என்றான் ஹாரன் கடைசியில். "அவனுக்கும் எழுத வராது. ஆட்சேபணை வேணாம், அவன் மனுவை நீங்க எழுதிக் குடுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். நடுவுல நான் வேணாம்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க."